ஞானப்பல்லைப் பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

அறுவடைக் காலத்தில் பல்வலி வந்தால் குடியானவர் என்ன செய்வார் என்பதை நாம் அறிவோம். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கடைவாயில் வைத்துக் கொள்வார். சிலர் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக் கொள்வர். கதிர் முற்றி நிற்கையில் டாக்டரைத் தேடிப் பட்டணத்துக்குப் போக யாருக்கு மனம் வரும்? களத்து வேலை முடியட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்துவிடுவது இயற்கை. பெரும்பாலான பல்வலிகளில் இவ்வாறு சில நாள் தாமதிப்பதால் பெருந்தீங்கு நேர்ந்துவிடுவதில்லை. ஆனால் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட ஓர் இளைஞருக்கோ யுவதிக்கோ, வாயின் கடைக்கோடியில் ஈறு வீங்கி, வாயைத் திறக்கவே சிரமம் ஏற்படுமாயின், அது வேறு வகையைச் சேர்ந்தது. ஞானப்பல் என்றும் அறிவுப்பல் என்றும் வழங்கும் பல் முளைக்க முயன்று வழி கிடைக்காமல் தவிப்பதன் அடையாளம் அது.

இத்தகைய வீட்டில் உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். 'நான்கு பல்லையும் ஒரே மூச்சில் எடுத்துவிடு, பிறகு தொல்லையே இல்லை' என்று பட்டணத்து உறவினர் ஒருவர் சொல்வார். 'மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும், தொடாதே' என்று வீட்டுப் பெரியவர் தடுப்பார். பிறகு விஷயம் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவரின் திண்ணைக்கு வந்து சேரும். அவர் என்ன யோசனை சொல்வது? இரு கட்சியிலும் முழு உண்மை இல்லை. எனவே இவ்விஷயத்தைத் தராசில் இட்டு நிறுத்துப் பார்க்க முற்படுகிறோம்.

கண்ணைப் பற்றிய பயத்தை முதலில் அகற்றி விடுவோம். பல்லுக்குச் செல்லும் நரம்பும் பார்வைக்குரிய நரம்பும் வெவ்வேறானவை. மேல் பல்லை எடுப்பதால் கண் கெடும் என்பது நம் நாட்டில் வேரூன்றிப்போன ஒரு தவறான எண்ணமேயன்றி வேறன்று. மேல் பற்களுக்கு மேலே கன்ன எலும்புக்குள் காற்று நிறைந்த ஓர் அறை உண்டு; பல்லை எடுக்கும்போது அவ்வறைக்கும் வாய்க்கும் இடையே துவாரம் ஏற்படுதல் எப்பொழுதாவது நிகழ்வதுண்டு. அதையும் தைத்துச் சரிசெய்து விடலாம்.

மனிதனுக்கு முழுமையாக முளைத்தால் 32 பற்கள். நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் முதலாவது 6 வயதையொட்டியும், இரண்டாவது 12 வயதையொட்டியும் வருகின்றன. மூன்றாவதாக, வாலிபப் பருவத்தில் கடைசியாக வந்து சேர்வதே ஞானப்பல். அறிவு முதிரும் வயதில் முளைப்பதால் இப்பெயர் வந்ததேயொழிய, பல்லுக்கும் ஞானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை எடுத்துவிட்டால் புத்தி மழுங்கும் என்று அஞ்சுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் கவலைப்பட வேண்டுவதில்லை. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்நான்கு பற்களில் ஒன்றேனும் உருவாவதே இல்லை. அவர்கள் எவ்விதக் குறையுமின்றி வாழ்கின்றனர்.

பலருக்குத் தாடையில் இடம் போதாமையே தொல்லைக்கு மூலகாரணம். வேகவைத்த மெதுவான உணவுக்கு மனித குலம் பழகியதால் தாடை சிறுத்துவிட்டது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், கடைசியில் வருகின்ற பல் நேராக மேலெழ இடமின்றி முன்புறமாகச் சாய்ந்தோ, படுக்கையாகவோ எலும்பிலே சிக்கிக்கொள்கிறது. சில சமயம் பாதி மட்டும் தலைகாட்டி, மீதி ஈறுக்கடியில் மறைந்திருக்கும். முழுவதும் முளைத்த பல்லைக் காட்டிலும், முழுவதும் புதைந்துவிட்ட பல்லைக் காட்டிலும், இவ்வாறு பாதி வெளிவந்த பல்லே அதிகத் தொல்லை தருவது. அதன்மேல் ஓர் ஈறு மடல் தொப்பிபோல் கவிந்திருக்கும். அம்மடலுக்கடியில் சோற்றுப் பருக்கையும் பாக்குத் துகளும் புகுந்து தங்கும். பல் துலக்கும் பிரஷ்ஷும் வேப்பங்குச்சியும் அங்கே எட்டா. தங்கியது அழுகிக் கிருமிகள் பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈற்றை எதிர்வரிசைப் பல் கடிக்கும். வீக்கம் மேலும் பெருகும். வாய் நாற்றமும், விழுங்கும்போது வலியும், தாடை இறுகி வாய் திறவாமையும் தொடர்ந்து வரும்.

இந்த முதல் வீக்கத்தின்போதே பல்லைப் பிடுங்கிவிட வேண்டுமா? பல தேசங்களில் வைத்தியர்கள் நெடுங்காலம் விவாதித்த கேள்வி இது. அவ்விவாதத்தைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நமக்குப் பயன்படும். ஏனெனில் உலகின் இரு பெரிய நாடுகள் இதற்கு இரு வேறு விடைகளைக் கூறியுள்ளன.

அமெரிக்காவில் வாலிபர்கள் கல்லூரிக்குச் செல்லும் முன்பே, நோய் இருப்பினும் இல்லாவிடினும், ஞானப்பற்களை எடுத்துவிடும் வழக்கம் பரவியிருந்தது. இளவயதில் வேர் முழுவதும் வளராமலும் எலும்பு இளக்கமாகவும் இருப்பதால் எடுப்பது எளிது, புண் விரைவில் ஆறும், பின்னால் வரக்கூடிய நோயும் தவிர்க்கப்படும் என்பது அவ்வழக்கத்தை ஆதரிப்போர் கூறும் நியாயம். இங்கிலாந்திலோ, தேசிய சுகாதார சேவைக்கு யோசனை கூறும் 'நைஸ்' என்னும் அமைப்பு 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதற்கு நேர்மாறான நெறிமுறையை வெளியிட்டது. எலும்பில் சிக்கிய ஞானப்பல்லாயினும், நோய் ஏதும் இல்லாதவரை அதை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஈறு வீக்கம் முதன்முறை வந்து, அது மிகக் கடுமையானதாக இல்லையெனில், அதை மட்டும் காரணமாகக் கொண்டு பல்லை எடுக்கலாகாது. இரண்டாம் முறையும் வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் அந்நெறிமுறை கூறியது.

2007-ஆம் ஆண்டில் ஜே டபிள்யூ ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பொதுச் சுகாதார ஏடொன்றில் ஒரு கணக்கை வெளியிட்டார். அவர் மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 லட்சம் பேரிடம் 1 கோடி ஞானப்பற்கள் எடுக்கப்பட்டன. அதற்கான செலவு 300 கோடி டாலருக்கு மேல். உதட்டிலோ நாக்கிலோ நிரந்தரமாக உணர்ச்சி கெட்டவர்கள் 11,000 பேருக்கு மேல். எடுக்கப்பட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கேனும் தேவையற்றவை. மறு ஆண்டில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கமும் நோயற்ற ஞானப்பற்களை முன்கூட்டியே எடுப்பதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்நாட்டு முக அறுவை வைத்தியர்கள் பலர் இதை ஏற்கவில்லை.

இங்கிலாந்தின் வழியே குற்றமற்றது என்று தீர்ப்புக் கூறிவிடவும் இயலாது. காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல்லை எடுக்கும் அவசியம் சற்றுக் காலந்தாழ்த்து வந்தது. முன்புறம் சாய்ந்த ஞானப்பல், தனக்கு முன்னால் உள்ள நல்ல கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில் உணவைத் தேக்கிச் சொத்தையை உண்டாக்கியதைப் பலரிடம் அங்குள்ள மருத்துவர்கள் கண்டனர். ஞானப்பல்லை இழப்பதில் நட்டமில்லை. அரைப்பதற்கு ஆதாரமான இரண்டாம் கடைவாய்ப் பல்லை இழப்பது பெரிய நட்டம். அறிகுறியோ நோயோ இல்லாத புதைந்த பல்லை எடுப்பது நன்றா, விடுவது நன்றா என்பதை உறுதிப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றே, ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழுவினரின் அறிக்கைகளும் கூறியுள்ளன.

இனி நம் தராசுக்கு வருவோம். எடுக்கும் தட்டில் உள்ள ஆபத்துகள் எவை? கிணற்றுச் சுவரையொட்டி வளர்ந்த மரத்தை வேரோடு பெயர்க்கும்போது மரத்தைக் காட்டிலும் சுவரைப் பற்றியே நாம் கவலைப்படுவோம் அல்லவா? கீழ்த்தாடையின் எலும்புக்குள் ஒரு கால்வாய் போல நரம்பு ஒன்று ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுவே. கீழ் ஞானப்பல்லின் வேர் சிலருக்கு இந்நரம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பல்லை எடுக்கையில் நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். 100 பேரில் சிலருக்கு இது நேர்ந்து, பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ நீங்கிவிடுகிறது. நிரந்தரமாக நின்றுவிடுவது 100-க்கு 1-க்கும் குறைவு. ஆயினும் வேர் நரம்பை ஒட்டிக் கிடக்கும் பல்லில் இவ்விகிதம் உயர்ந்துவிடும். நாக்குக்குச் செல்லும் நரம்பும் அருகிலேயே உள்ளது. அது கெட்டால் நாக்கின் ஒரு பக்கம் மரத்து ருசியும் குன்றும். உதடு மரத்தவர் வாய் கோணிப்போய்விடுவார் என்பது தவறு. இவை உணர்ச்சி நரம்புகள், முகத்தை அசைக்கும் நரம்பு வேறு. ஆனால் உதட்டைக் கடித்துக்கொள்வதும், சூடான காப்பி சுடுவது தெரியாமல் குடிப்பதும், எச்சில் வழிவது அறியாதிருப்பதும் வாழ்நாள் முழுவதும் தொல்லைதானே.

அடுத்தது, வைத்தியர்கள் 'உலர்ந்த குழி' என்று அழைக்கும் வேதனை. பல்லை எடுத்த குழியில் உறையும் இரத்தமே அதற்கு மூடியும் மருந்தும் ஆகும். அவ்வுறைவு கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெளிப்பட்டு, மூன்றாம் அல்லது நான்காம் நாளில் காதுவரை குத்தும் வலி எழும். சாதாரணப் பல்லை எடுத்தவர்களில் 100-க்கு 1 முதல் 5 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர். அறுத்து எடுக்கும் கீழ் ஞானப்பல்லிலோ இது பல மடங்கு அதிகம். பீடி, சிகரெட் பிடிப்போருக்கு இன்னும் அதிகம். இதற்கு டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி தணியும். கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதால் பயனில்லை. இரத்தக்கசிவு, சீழ், சில நாள் வீக்கம் ஆகியவையும் உண்டு. தாடை எலும்பு முறிதல் மிக மிக அரிது. வயது முதிர்ந்தவரிடம் ஆழப் புதைந்த பல்லை எடுக்கும்போதே அதற்குச் சாத்தியம் கூடுகிறது.

விட்டுவைக்கும் தட்டிலும் சுமை உண்டு. திரும்பத் திரும்ப வரும் வீக்கம், முன்பல்லின் சொத்தை, ஈறு நோய், அரிதாகப் பல்லைச் சுற்றி எலும்பை அரிக்கும் நீர்க்கட்டி ஆகியவை அவை. எல்லாவற்றிலும் கொடியது, சீழ் தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்தில் பரவுவது. 1836-ஆம் ஆண்டிலேயே லுட்விக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இந்நோயை விவரித்து எழுதினார். நாக்கின் அடிப்பகுதி பலகைபோல் கெட்டியாகி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சுக்குழல் அடைபடும். பெனிசிலின் வருவதற்கு முன் இதற்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாண்டனர். இன்றும் காலந்தாழ்த்தினால் உயிருக்கு ஆபத்தே. ஆகையால் பல்வலியோடு காய்ச்சலும், எச்சிலைக்கூட விழுங்க முடியாமையும், குரல் மாற்றமும், கழுத்து வீக்கமும், மூச்சுத் திணறலும் தோன்றினால் அப்போது ஆலோசனை செய்து கொண்டிருக்கலாகாது. 108 வண்டியை அழைத்து, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொண்டு செல்லவேண்டும். இரவாயிற்றே, காலையில் பார்ப்போம் என்ற எண்ணம் இங்கே உதவாது.

முன்வரிசைப் பற்கள் நெருங்கிக் கோணலாவதை ஞானப்பல்லின் தள்ளுதல் என்று சொல்லி, அதைத் தடுப்பதற்காக எடுக்கச் சொல்வோர் உண்டு. ஆராய்ச்சிகள் இதை ஆதரிக்கவில்லை. ஞானப்பல் இல்லாதவர்க்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவதுண்டு. இக்காரணத்துக்காக மட்டும் அறுவைக்கு உட்படுவது வீண் செலவு என்பதே நம் அபிப்பிராயம்.

அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு கிராமத்தில் டிராக்டர் ஓட்டும் இளைஞர் ஒருவர் கன்னம் வீங்கி வந்திருந்தார். வயது 22. வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறின்மேல் அப்பியிருந்தார். அது ஈற்றைச் சுட்டு வெள்ளைப் புண்ணாக்கிவிட்டது. வீக்கம் கரைய வெளியே சூட்டு ஒத்தடமும் கொடுத்திருந்தார். பல்லில் சீழ் இருக்கையில் கன்னத்தில் சூடு வைப்பது சீழை வெளிப்புறம் இழுத்துவிடக் கூடும். அவரைப் பார்த்த பல் மருத்துவர் அன்றே பல்லில் கை வைக்கவில்லை. மடலுக்கடியில் கழுவிவிட்டு, உப்பு வெந்நீரால் கொப்பளிக்கச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்தார். வேரின் முனை நரம்புக் கால்வாய்க்கு நன்கு மேலே நின்றது. ஆயினும் பல் முன்புறம் சாய்ந்து அடுத்த பல்லில் முட்டிக்கொண்டிருந்தது. 'இது முதல் முறை, காத்திருக்கலாம். ஆனால் இந்தச் சாய்வில் திரும்ப வருவதற்கே வாய்ப்பு அதிகம். மறுமுறை வந்தால் எடுத்துவிடுவோம்' என்று அவர் சொன்னார். எட்டு மாதங்களில் திரும்ப வந்தது. அந்த ஒரு பல் எடுக்கப்பட்டது. மற்ற மூன்றும் விடப்பட்டன. அவற்றை ஆண்டுக்கொரு முறை காட்டி வருகிறார்.

அவருக்குப் போல எக்ஸ்ரே இல்லாமல் இத்தராசில் முள்ளே கிடையாது. முழுத்தாடையையும் காட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேருக்கும் நரம்புக்கும் உள்ள தூரத்தை மருத்துவர் அறிவார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படலாம். அப்படிப்பட்ட பல்லில், வேரை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் முறையும் உண்டு. வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் உள்ளது, எடுக்காவிட்டால் என்ன நேரும், மேற்பகுதியை மட்டும் எடுக்க இயலுமா என்று மருத்துவரைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்டறிந்தபின் சம்மதக் கையொப்பம் இடுவதே முறை.

டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லவேண்டியவை சில உண்டு. நீரிழிவு, இருதய வால்வுக் கோளாறு, எலும்புத் தேய்வுக்கு உண்ணும் மாத்திரை அல்லது போடும் ஊசி, பெனிசிலின் ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றை ஒளிக்கலாகாது. இருதய நோய்க்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்போர் அதைத் தாமாகவே நிறுத்திவிட்டுப் பல் பிடுங்கப் போவது பெரும் அபாயம். ஆஸ்பிரின் உண்பவர்க்குப் பெரும்பாலும் நிறுத்தாமலே பல் எடுக்கப்படுகிறது. இன்னொன்று: வெற்றிலை பாக்கு, புகையிலை, பாக்குப் பொட்டலம் ஆகியவற்றை மெல்லுவோருக்கு வாயின் உட்புறம் வெளுத்து நார்போல் இறுகி, வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறையும். அதை ஞானப்பல்லின் குற்றம் என எண்ணி மோசம் போகலாகாது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் வாயில் இருந்தாலும் புற்றுநோயா எனப் பரிசோதித்தல் அவசியம்.

எடுப்பதென்று முடிவானால் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் குடியானவர் தம் கணக்கையும் சேர்த்துக் கொள்ளலாம். வீக்கம் தணிந்து, அவசரம் இல்லையெனில், நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட நாள் நல்லது; ஏனெனில் இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்தை அடையும், மூட்டை தூக்குவது போன்ற பளுவான வேலையைச் சில நாள் தள்ளிவைக்க வேண்டும். ஆனால் வயதைத் தள்ளிப்போடலாகாது. எடுத்தே தீரவேண்டிய பல்லை 22 வயதில் எடுப்பதற்கும் 45 வயதில் எடுப்பதற்கும் சிரமத்தில் மிகுந்த வேறுபாடு உண்டு.

எடுத்த அன்று பஞ்சை அரை மணிக்குக் குறையாமல் கடித்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் கொப்பளிப்பதும், துப்புவதும், உறிஞ்சிக் குடிப்பதும், பீடி பிடிப்பதும் கூடா; இவற்றாலேயே இரத்த உறைவு பெயர்கிறது. வெளியே குளிர்ந்த ஒத்தடம் தரலாம். ஆறிய கஞ்சி, கேழ்வரகுக் கூழ், குழைந்த தயிர்ச்சோறு ஆகியவை ஏற்றவை. மறுநாள் முதல் இளஞ்சூடான உப்பு நீரால் மென்மையாகக் கொப்பளிக்கலாம். மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால் அது முடியும்வரை மதுவைத் தொடவே கூடாது.

பஞ்சாயத்தினர்க்கு ஒரு வார்த்தை. பல் மருத்துவ முகாம் நடத்துவது வரவேற்கத்தக்கது. ஆனால் புதைந்த ஞானப்பல்லை முகாமிலே எடுக்க ஏற்பாடு செய்யலாகாது. பள்ளிக்கூட மேஜையின் மீது எக்ஸ்ரே இன்றிச் செய்யும் வேலையன்று அது. முகாமில் கண்டுபிடித்துச் சீட்டு எழுதி அனுப்பினால் போதும். சந்தையில் பல் பிடுங்குவோரிடமும் இவ்வேலையை விடலாகாது. பதிவு பெறாதவர் பல் மருத்துவத் தொழில் செய்வதை 1948-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்துவிட்டது. 1953-ல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியைப் போன்ற பெரிய நிலையங்களில் கடினமான பற்களையும் கவனிக்கும் வசதி உண்டு. உங்கள் வட்டாரத்தில் பல் மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, எந்தெந்த நாளில் அவர் இருப்பார், எக்ஸ்ரே எங்கே எடுக்கலாம், எந்தப் பஸ்ஸில் போகவேண்டும் என்பதை விசாரித்து, பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். 108 என்ற எண்ணையும் அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதிவிடலாம்.